பெருவிரலும் பெருங்குடலும்

மார்சிலிங், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் வைஷாலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், எடின்பரோ குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்பது மாதமாக நீ போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், நான் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி ஒட்டுக்கேட்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். போனை வைத்துவிடலாம், கடிதத்தைப் பாதியில் வைக்க மனசு வராது என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன்.

பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் காலையில் எழுந்தால் வலது கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போனது. குவீன்ஸ்டவுனில் உன் செல்வராஜ் பெரியப்பாவுக்கும் ஒரு விரலில்தானே ஆரம்பித்தது, சர்க்கரை என்று முழங்கால் வரைக்கும் எடுத்துவிட்டார்களே. நான் யாரிடமும் சொல்லாமல் சாக்ஸ் போட்டு மறைத்து நான்கு நாள் நொண்டினேன். வீட்டுக்குள்ளே சாக்ஸ் போட்ட மனுஷனை உன் அம்மா ரஞ்சிதம் விடுவாளா, உருவிப் பார்த்து, திட்டித் தீர்த்து, உட்லண்ட்ஸில் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ஷபானாவுக்கு உன் வயசுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கிள், காலெல்லாம் எடுக்க மாட்டோம்லா, இது கௌட், யூரிக் ஆசிட் மூட்டுல கல்லு மாதிரி சேந்திருக்கு, மருந்துல அடங்கிடும் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அம்மா பார்க்காத மாதிரி கைப்பையில் எதையோ தேடினாள்.

அப்புறம் அந்தப் பெண் குடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறதே என்று நினைத்தேன். யூரிக் ஆசிட் மூத்திரத்தில் மட்டும் போவதில்லையாம், மூன்றில் ஒரு பங்கு குடல் வழியாகப் போகிறதாம், அங்கே சில கிருமிகள் அதைத் தின்று தீர்க்கின்றனவாம். கௌட் வந்தவர்களுக்கு அந்தக் கிருமிகள் குறைவா என்று ஆராய்கிறார்கள், இன்னும் முழுசாகத் தெரியவில்லை, நீங்களும் மலம் குடுக்கிறீங்களா அங்கிள் என்று ஒரு பெட்டியை நீட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போன வருஷம் உன் ஆராய்ச்சிக்கு என்று அனுப்பிய அதே மாதிரிப் பெட்டி, அதே குப்பி, அதே சின்னக் கரண்டி. இதைத் தோண்டவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தி, குப்பைக் குழாயில் போட்டேனே, பதினோரு மாடியும் அது தடதடவென்று விழுந்த சத்தத்தை நீ போனில் கேட்டாய். அன்றைக்கு நின்றது உன் பேச்சு.

கோயிலில் யார் கேட்டாலும் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லி வந்தவன் நான். டாக்டரிடம் என்னவோ, என் மகளும் இதைத்தான் ஆராய்கிறாள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே அந்தப் பெண் உன் பேரைக் கேட்டுத் தட்டி, உன் கட்டுரை ஒன்றைத் திரையில் காட்டியது. எனக்குப் புரிந்ததெல்லாம் உன் பேரும், அதற்குப் பின்னால் நீ போட்டிருந்த என் பேரும்தான்.

இப்போது வலி இல்லை. நெத்திலி சம்பல், ஈரல் வறுவல், பீர் எல்லாவற்றுக்கும் அம்மா தடை போட்டுவிட்டாள். நேற்று ரயில் இறங்கி, சிராங்கூன் ரோடு கோயிலுக்கு நொண்டாமல் நடந்து போனேன். பழைய சிநேகிதன் வெங்கட், கம்ப்யூட்டர் பொண்ணு எப்படி இருக்கா என்றான். கம்ப்யூட்டர் இல்லடா, மலத்துல இருக்கற கிருமிய ஆராயறா என்றேன். அவன் வாய்க்குக் கொண்டுபோன பிரசாதம் அப்படியே நின்றுவிட்டது, பாவம்.

தப்பு என்னுடையதுதான் வைஷாலி, மன்னித்துவிடு. முன்பின் தெரியாத டாக்டர் பெண் கேட்டதும் கொடுத்தேன், பெற்ற மகள் கேட்டபோது கொடுக்கவில்லையே என்று உறுத்துகிறது. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி. மறக்காமல் இன்னொரு பெட்டி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பேருக்குப் பின்னால் இருக்கிற
அப்பா சுந்தரம்