கோட்டில் எழுந்த மேடு

ஒபுவாசி, மார்ச் 4

மருமகள் டுஃபிக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். உன் அக்கா மகன் க்வாகுவின் காதைச் சோதிக்க அவன் தலையில் நீ ஒயர் ஒட்டிய அன்றே, லாரி நிலையம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். அங்கே நின்ற இரண்டு மந்திரிகள்கூடத் தலையாட்டினார்கள். முதலில் "காது கேக்குது" என்றாய். ஊருக்கே ஃபுஃபு இடித்து விருந்து போட்டேன். இப்போது மறுபடி சோதித்து "கேக்கல" என்கிறாயாம். என் பேரன் காது என்ன உன் வீட்டு ரேடியோவா, நினைத்தபடி திருக? முதுகுக்குப் பின்னால் நின்று நான் கூப்பிட்டேன். பிள்ளை திரும்பிச் சிரித்தான். உன் அக்கா செர்வாவிடம் சொல்லிவிட்டேன்: "இனிமே அந்த ஆஸ்பத்திரி வாசல மிதிக்காதே."

கோபத்துடன்,
உன் தாய்மாமன் யாவ் சர்போங்

குமாசி, மார்ச் 9

மாமா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

முதல் பதிவு தப்பு. தப்பு என்னுடையது. காதில் 'டிக்' என்று ஒலித்தால் மூளை தரும் பதில் அத்தனை சிறியது; பிள்ளை நெளிவதும் சுவரில் ஓடும் கரண்டும் அதை மூழ்கடித்துவிடும். அதனால் இரண்டாயிரம் டிக் கொடுத்துச் சராசரி எடுப்போம். தாறுமாறாக வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டிக்குக்குப் பின் தவறாமல் அதே கணத்தில் வரும் பதில் மட்டும் நிற்கும். நான் நொடிக்குச் சரியாகப் பத்து டிக் வைத்துவிட்டேன். கரண்டு நொடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது. ஐம்பது பத்தால் மிச்சமில்லாமல் வகுபடுவதால், ஒவ்வொரு டிக்கிலும் கரண்டின் துடிப்பு அதே இடத்தில் வந்து நின்றது. அழியாமல் திரைக் கோட்டில் மேடாகச் சேர்ந்தது. அதைப் பதில் என்று நம்பினேன். வேகத்தை மாற்றியதும் கோடு தட்டையாகப் படுத்துவிட்டது.

இப்போதே காது மெஷின் மாட்டினால் க்வாகு பேசக் கற்பான். அக்காவோ, "மாமா கண்ணால பாத்தாரு. நீ உன் மெஷினையே கட்டிக்கிட்டு அழு" என்று போனை வைக்கிறாள்.

பெயர் சூட்டிய அன்று நம் வழக்கப்படி தண்ணீரையும் சாராயத்தையும் அவன் நாக்கில் தொட்டுவைத்து, "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, சாராயம்னா சாராயம்னு சொல்லு" என்றவர் நீங்கள். சொல்லுங்கள், திரும்பினானா?

டுஃபி

ஒபுவாசி, மார்ச் 13

டுஃபிக்கு,

தாய்மாமனையே விசாரணை செய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். அந்த ஐம்பது துடிப்புச் சங்கதி எனக்கு எப்போதோ தெரியும். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை செர்வாவையும் பிள்ளையையும் நானே கூட்டிவருகிறேன்.

"நீங்கதான போகாதேன்னீங்க?" என்று பாய்ந்தாள்.

"வாய மூடிட்டு துணிய எடுத்து வை" என்றேன். காரணத்தைப் பஸ்ஸில் சொல்லிக்கொள்கிறேன். அத்தனை பேர் நடுவில் அடிக்க மாட்டாள்.

மறுபடியும் பத்தில் வைத்துத் தொலைக்காதே.

நான் கூப்பிட்டது நிஜம். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

மாமா