பெரியவர் படத்துக்குப் பின்னால் ஒரு செம்புக் குழாய்

18.11.1996
லாட்ஜ் ஹாலுக்குப் புது ஏசி வந்து இறங்கியது. வெயிலுக்குக் குளிரும், குளிருக்குச் சூடும் தருமாம். மாலை போட்டிருக்கும் முதலாளி தங்கராஜ், அட்டைப்பெட்டிக்கே சந்தனம் வைத்தார்.

மே மாதம் பழைய ஏசியின் கம்ப்ரசர் எரிந்தது என் தப்பாம். "ஆளில்லாத ஹாலுக்கு ஓட்டியே கெடுத்துப் போட்டீங்க." பதினோரு வருஷமாக இங்கே மேனேஜர். ஒரு சுவிட்சை நிறுத்தத் தெரியாதா எனக்கு? புது ரிமோட் இனி அவர் சட்டைப் பையில்தான்.

20.11
சேலத்திலிருந்து மெக்கானிக் வெள்ளையன் மலையேறி வந்தார். சுவருக்குள் ஓடும் பழைய செம்புக் குழாயையும் மாற்றணும் என்றார். "எரிஞ்ச கரி, கருகுன ஆயிலு எல்லாம் உள்ள கெடக்குமுங்க. புது மெஷினு அதயே குடிச்சுப்போட்டுச் சாகும்."

ஆனால் குழாய் போகும் வழியில்தான் பெரியவர் படம் மாட்டியிருக்கிறது. பிப்ரவரியில் காலமான முதலாளியின் அப்பா. தெவசம் முடியும்வரை படத்தை அசைக்கக்கூடாதாம். அப்பா போன வருஷமே மாலை போட்டவருக்கு இது எந்த சாஸ்திரமோ!

"செம்பு எங்கீங்க கெடும்? எங்க பாட்டன் காலத்துச் சொம்பு இன்னும் ஊட்டுல இருக்குது" என்றார் முதலாளி. சொம்பும் குழாயும் ஒன்று. சரி.

22.11
குழாயை உள்ளே அலசுவதற்கு முதலாளி சம்மதித்தார். காற்றழுத்தம் ஏற்றி ஒரு நாள் வைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க? அதற்கு நேரமில்லை, சாயங்காலம் நிச்சயதார்த்தப் பார்ட்டி. கேஸ் ஏற்றி ஓட்டினார்கள். சூடு வந்தது. முதலாளி அடியில் நின்று உள்ளங்கையைச் சூட்டில் காட்டியபடி எல்லோரையும் பார்த்தார். ஏதோ அவரே ஊதிய மாதிரி.

2.12
சூடு இல்லை.

3.12
கேஸ் குறைந்திருக்கிறது. வெள்ளையன் மறுபடி ஏற்றினார். "சுவத்துக்குள்ளதான் ஒழுகுதுங்க." முதலாளி படத்தைக் கும்பிட்டார், என்னை முறைத்தார்.

16.12
மறுபடி சில்லென்று ஊதுகிறது. மாலை போட்டவர் கோபப்படக்கூடாதே! கையைக் கூப்பிக்கொண்டே சொன்னார்: "கேஸு இன்னொருக்கா ஏத்தச் சொல்றேன். அதுக்கும் நின்னுதுன்னா பொங்கலுக்கப்புறம் நீங்க வர வேண்டாமுங்கம்மா. சாமி சரணம்."

நாற்பத்தெட்டு வயசுல எங்க போறது? மஞ்சக்குட்டை எஸ்டேட்டுக்குக் காப்பி பறிக்கவா?

10.1.1997
முதலாளி நேற்று சபரிமலை கிளம்பினார். மூன்றாவதாக ஏற்றிய கேஸும் போய், இன்று ஏசி நின்றுவிட்டது.

11.1
செய்துவிட்டேன்.

வெள்ளையனை வரவழைத்தேன். "மன்னிச்சுக்குங்கய்யா" என்று பெரியவரிடம் சொல்லிப் படத்தை இறக்கினேன். எனக்கு வேலை கொடுத்தவர் அவர்தான்.

ஆணியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வெள்ளையன் பூச்சைக் கொத்திப் பார்த்தார். ஆணி குழாய்க்குள் இறங்கியிருந்தது.

"ஏனுங்க, இத யாருங்க அடிச்சது?"

நான் சொல்லவே வேண்டாம். ரிசப்ஷனில் போட்டோ மாட்டியிருக்கிறது: பெரியவர் படம் மாட்டிய அன்று, ஸ்டூல் மேல் ஏறி, சுத்தியலோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் முதலாளி.

பழைய மெஷினும் இந்த ஓட்டையில் கேஸ் போய்த்தான் எரிந்திருக்கும் என்றார் வெள்ளையன். அப்போ எட்டு மாசம் நான் வாங்குன திட்டு? சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

17.1
முதலாளி திரும்பினார். எனக்கும் அரவணைப் பாயசம் கொடுத்தார். ஆணியை ரிசப்ஷன் மேஜையில், அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே வைத்தேன். எடுத்துப் புரட்டினார், போட்டோவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பா படத்த யாரு எறக்குனது?"

"நான்தானுங்க."

பொங்கல் முடிந்துவிட்டது. நாளைக்கும் வேலைக்கு வருவேன், அவராகப் போகச் சொல்லட்டும்.

30.1
போகச் சொல்லவில்லை. புதுக் குழாய் போட்டாயிற்று, சுவருக்கு வெளியே. "வெளிய தெரியறதுதானுங்க இப்பப் புது மாடலு" என்று விருந்தாளிகளுக்கு விளக்குகிறார். ரிசப்ஷன் போட்டோவைக் காணோம். ரிமோட் என் மேஜையில் கிடந்தது. எடுத்து டிராயரில் வைத்தேன்.

12.2
தெவசம். படத்தைத் திரும்ப மாட்டவேண்டும். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, முதலாளி ஸ்டூல் வரைக்கும் போனார். சுவரைப் பார்த்தார். பிறகு சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாத்து அடிச்சிருங்க மேரியம்மா."