சாம்பார் தளும்பாத ஸ்பிரிங்

அன்பு மகன் அலெக்சாண்டருக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நித்யாவும் சுகம், போன வாரத்திலிருந்து காரும் சுகம். அதுபோல நீயும் உன் குருமடத்தில் இருக்கிற எல்லாரும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். ஷில்லாங்கில் துணி துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் காய்வதில்லை என்று எழுதியிருந்தாய், இங்கே கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து கரித்தூளும் படிந்துவிடுகிறது, பாதி வெயிலை உனக்குப் பார்சல் அனுப்பலாம் போலிருக்கிறது. இந்த வருஷம் முடிகிறவரை உங்களுக்குப் போன் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் கடிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நாளைக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொல்கிறேன், நித்யா எழுதுகிறாள். உங்கள் பெரிய சாமியார் கடிதத்தைப் பிரித்துப் படிப்பாரோ என்று பயப்படுகிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நீதான் எழுதியிருந்தாய், அதனால் தைரியமாக எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய காரோடு எதற்கு மல்லுக்கட்டுகிறீர்கள், விற்றுவிட்டு ஒரு லோடு ஆட்டோ வாங்குங்கள் என்று நீ எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினோம். எழுந்துபோய்க் காரைத் துடைத்தார். அதுவே பதில். நீ போன பிறகு நமக்குக் கிடைத்த பெரிய ஆர்டர், மைன்ஸ் பக்கத்து ஷெட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காலை டிபன். அதை வைத்துத்தான் வாடகையும் மற்றதும் ஓடுகிறது. இட்லிப் பாத்திரங்கள் டிக்கியில், சட்னி வாளி முன்சீட்டில் என் காலடியில், சாம்பார் குண்டான் பின்சீட்டுக் கீழே, அதைப் பிடித்துக்கொண்டு நித்யா. பத்தாவதோடு நின்றவளை வீட்டிலேயே விட்டுவந்தால் யாரோடும் பேசாமலே போய்விடுவாளோ என்றுதான் கூட அழைத்துப்போகிறேன். அங்கே போயும் பேசுவதில்லை, குண்டானை இறக்கிவிட்டு காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் காரின் பின்பக்கம் ஒரேயடியாகக் குந்திவிட்டது. நகரியத்துக்குள் பிளாக்குக்கு பிளாக் இருக்கிற வேகத்தடையில் எல்லாம் அடிவயிறு உரசும். ஏறி இறங்கிய பிறகும் அடுத்த வேகத்தடை வருகிறவரை தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகும். நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்புகிற சாம்பார் ஷெட்டுக்குப் போகும்போது முக்கால் குண்டான்தான் இருக்கும். மூடிக்கு மேல் துணி கட்டினோம், துணிதான் சாம்பார் குடித்தது. கிளிப் போட்ட கேனில் ஊற்றிப் பார்த்தோம், சூட்டுக்கு ரப்பர் வாசம் ஏறி ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ஷெட்டில் பரிமாறுகிற மாணிக்கம்மாள் அக்காவுக்குக் கம்மாபுரம். நல்ல மனுஷி, வாய்தான் சும்மா இருக்காது. "என்னா மரியசெல்வி, சாம்பாரு வழியிலயே எறங்கி வேற பஸ்ஸு புடிச்சிப் போயிடுச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். வரிசையில் கடைசியாக நிற்கிறவர்கள் வெறும் சட்னியைத் தொட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவார்கள். ஒருநாள் கான்ட்ராக்ட் ஆபீஸ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "இந்த மாசம் பாக்குறேம்மா, சாம்பாரு கடைசி ஆளு வரைக்கும் வரலன்னா நான் வேற எடம் பாத்துக்குவேன், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்பா உடனே மெக்கானிக் சடையப்பனிடம் கொண்டுபோனார். சடையப்பன் காரின் மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கும் போச்சு, ஷாக் அப்சார்பரில் எண்ணெயும் கசிகிறது, "வண்டி குந்திக்கினு கெடக்குதுங்க" என்றிருக்கிறார். எனக்கே இப்போதுதான் தெரியும், ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது, ஷாக்தான் அது குதிக்காமல் அடக்குகிறது. அப்பா முதலில் ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவில் ரப்பர் கட்டையைச் செருகிப் பார்த்தார், ஒன்றும் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவரும் சடையப்பனும் இட்லி இவ்வளவு கிலோ, பாத்திரம் இவ்வளவு, ஆள் மூன்று என்று லாரிக்குக் கணக்குப் போடுகிற மாதிரி போட்டு, லோடு வண்டிதானே என்று தடித்த ஸ்பிரிங்காகப் பார்த்து நாலு பக்கமும் மாட்டிவிட்டார்கள். ஷாக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழையதையே விட்டார்கள். கார் சேவல் மாதிரி நிமிர்ந்து நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பக்கத்து வீட்டு புவனாவைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினார். அவள், "ஏறதுக்கு ஏணி குடுப்பீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை முதல் வேகத்தடையிலேயே தெரிந்துவிட்டது. முன்பு ஆடியது, இப்போது குதித்தது. குண்டான் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், காரின் கூரைத் துணியில் மஞ்சளாக ஒரு பெரிய வட்டம். நித்யாவின் தலையில் முருங்கைக்காய். நல்லவேளை, சூடு கொஞ்சம் தணிந்திருந்தது. (அண்ணா, இது நித்யா. முருங்கைக்காய் தோளில்தான் விழுந்தது. அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் தலை என்று சொல்லி வருகிறார்கள்.) அன்றைக்குப் பாதிப் பேருக்குச் சாம்பார் இல்லை. மாணிக்கம்மாள் அக்கா அன்றைக்குக் கேலியை விட்டுவிட்டு, மிஞ்சியதை அரைக் கரண்டியாக அளந்து ஊற்றினாள், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆபீஸ் சார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா, ரோடு சரியில்லை, ரோடு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அதே ரோட்டில்தானே இத்தனை வருஷமாகப் போகிறோம் என்று எனக்கு வாய்வரை வந்தது.

அன்றே எல்லாருமாக வடலூருக்குப் போனோம், சடையப்பனும் வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேஜைமேல் மூன்று விதமாக எடுத்து வைத்தார். நம் காரோடு வந்த அதே அளவு ஸ்பிரிங்கும் சாதா ஷாக்கும் ஒன்று, கேஸ் அடைத்த கெட்டி ஷாக் ஒன்று, எங்கேயோ அடிபட்ட வண்டியில் கழற்றிய பழைய செட் ஒன்று. "டாக்சிக்காரங்க எல்லாம் இந்தக் கெட்டியத்தான் கேட்டு வாங்குறாங்க, தூக்கிக்கினு நிக்கும்" என்றதும் அப்பாவின் கை அதன்மேல் போய்விட்டது. ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நின்றதால்தானே இங்கே வந்திருக்கிறோம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். கடைக்காரரும் அப்பாவும் சடையப்பனும் தடிமன் என்ன, உயரம் என்ன என்று பேசிக்கொண்டே போனார்கள். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பா, நீங்க ஒரு நாளாச்சும் பின்னாடி ஒக்காந்து வந்திருக்கீங்களா?" என்று. யார் பேசுகிறது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டுப் பெண்தான். இப்போது இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாப்பா கேக்குறதுல என்னாங்க தப்பு, போய் ஒக்காந்து பாருங்க" என்றார்.

காரிலேயே கிடந்த குண்டானில் பைப்புத் தண்ணீர் பிடித்து, அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, சடையப்பன் ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். திரும்பி வந்து இறங்கியபோது அப்பாவின் வேட்டியைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். தலையிலும் இடித்துக்கொண்டு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு நித்யாவைப் பார்த்து, "தினம் இப்பிடியாம்மா வர்ற?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். சடையப்பனும் தலையைச் சொறிந்துகொண்டு, "எத்தினி கிலோன்னு கேட்டேனே தவிர அதுல தளும்புறது எதுன்னு கேக்கலிங்க" என்றார். எல்லாம் சேர்த்தாலும் நாலைந்து ஆள் கனம்தான், அதைச் சுமக்கத்தானே காரைச் செய்திருக்கிறார்கள். வண்டியோடு வந்த அதே அளவு ஸ்பிரிங், நாலு பக்கமும் புது ஷாக் என்று அப்பாவே எடுத்துக் கொடுத்தார். முன்பே கழற்றிப் போட்டிருந்த ரப்பர் கட்டையைச் சடையப்பன் அவர் பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டார்.

முதல்நாள் நான் மூச்சே விடாமல் போனேன். வேகத்தடையில் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. குண்டானைத் திறந்தால் ஊற்றிய மட்டத்தில் அப்படியே இருக்கிறது. சிந்தும் என்று நான் கூடவே ஊற்றுகிற சாம்பாரும் சேர்ந்துகொண்டதால் கடைசி ஆளுக்கும் போய் மிச்சமும் இருந்தது. சாம்பாரைப் பார்த்ததும் ஆளாளுக்கு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்கள், இட்லி பற்றாமல் போய்விட்டது. ஆபீஸ் சார் அன்றைக்குத் தானும் ஒரு தட்டு வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார். அடுத்த மாதத்துக்கும் நீங்களே கொண்டுவாருங்கள், இட்லியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உளுந்தைக் கூடுதலாக ஊறப்போட்டேன்.

உன் அப்பாவுக்கு இப்போது ஒரு புதுப் பைத்தியம். சனிக்கிழமை மாலை புவனா வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு இவர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து நகரியத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் உட்கார்ந்தால்தான் ஊர் தெரிகிறதாம். நித்யாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவள் ஓட்டட்டும், நான் குண்டானைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், காலி மைதானத்தில் கொண்டுபோய் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார். அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெங்காயம் முடிந்துவிட்டது, கண்ணு, நானும் முடிக்கிறேன். ஈரச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு திரியாதே. அங்கே கொடுப்பது பிடிக்காவிட்டாலும் வயிறு நிறையச் சாப்பிடு. தேவதாய் உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நித்யா லைசென்ஸ் எடுக்கப் போகிற அன்றைக்கு ஆபீசர் கேட்கிற கேள்விக்கு அவளுக்கு வாய் திறக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணு, வண்டியை அவளே பார்த்துக்கொள்வாள்.

உன் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் படுக்காத அம்மா,
மரியசெல்வி