மிருதங்கத்துக்குப் பை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மலை உச்சியும் தெரியவில்லை.

பெங்களூர் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். 15, சனி. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபிறகு வெளியூரில் முதல் கச்சேரி. ஐந்து மாதம் ஆகிறது.

இதுவரை வாசிப்பது நான், தூக்குவது அவர். பஸ்ஸில் மிருதங்கத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். அதனால் வெறும் துணி உறை போதுமாக இருந்தது. இனி போதாது.

அவரிடம் கச்சேரியைச் சொன்னேன். "நான் வரேன். தூக்கறேன்" என்றார். பேச்சு குழறல்தான், ஆனால் புரிந்தது. வலது கை போர்வைக்குள். நான் அரிசி களையப் போய்விட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பள்ளியில் பாட்டு டீச்சரிடம் இருந்த, மிருதங்கம் வைக்கும் பைபர் பெட்டியை வாங்கிவந்து பார்த்தேன். ஆள் ஏறி உட்காரலாம், அவ்வளவு உறுதி. மிருதங்கத்தை உள்ளே வைத்துத் தூக்கினேன். பஸ் படி உயரத்துக்கு வரவில்லை. மறுபடி தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிலில் இருந்து பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பைபர் பெட்டி: பத்திரம். கனம் ஜாஸ்தி.
சக்கரம் வைத்தது: நம் ரோட்டில் குலுங்கும். வலந்தலைத் தோலின் நடுவில் பூசிய கறுப்புச் சாதம் விண்டுபோகும்.
துணி உறை: ஒரு இடி போதும், கட்டை விரிசல் விடும்.

நவம்பர் 7, வெள்ளி

இடுப்புக்குத் தைலம். கேஸ் புக் செய்ய வேண்டும்.

செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண், முதுகில் ஆப்பிரிக்க மேளம். தடித்த பஞ்சு வைத்த பை, இரண்டு தோளிலும் பட்டை. இரண்டு கையும் சும்மா. கேட்டதும் கழற்றி என் முதுகில் மாட்டிவிட்டாள். கனமே தெரியவில்லை. இதுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். பஷீர் பாய் கடை. ஆட்டோ சீட்டும் பையும் தைப்பவர். வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன். வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சுத்தி ரெண்டு இஞ்ச் ஸ்பாஞ்ச் வைக்கறேன். மழைக்கு மேல ரெக்சின். ரெண்டு பக்கமும் தோல் இருக்கற இடத்துல வட்டமா பலகை. பட்டை யாரு அளவுக்கும்மா? நீங்கதானே மாட்டப் போறீங்க?"

"அவரு அளவுக்கே தைங்க பாய்."

"அண்ணன் வராரா?"

"வருவாரு."

பாய் ஆட்டோவைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். ஆட்டோவில் இருந்தவர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்கு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை அவர்.

நவம்பர் 12, புதன்

மறுபடி மழை. சாயங்காலம் பாய் அரைகுறையாகத் தைத்த பையோடு வீட்டுக்கு வந்தார், அளவு பார்க்க.

இவர் எழுந்து நின்றார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பாய் வெறும் பையைத்தான் மாட்டினார். இடது தோளில் பட்டை நின்றது. வலது தோளில் வழுக்கி முழங்கைக்கு வந்தது. பாய் தூக்கிவிட்டார். மறுபடி வழுக்கியது. மூன்றாம் முறை பாய் தூக்கிவிடவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"பாய். கழட்டுங்க" என்றார் இவர்.

பாய் கழற்றினார்.

"இவ அளவுக்குத் தைங்க. இவ... குள்ளம். பட்டைய கம்மி பண்ணுங்க. இடுப்புல ஒரு பெல்ட் வைங்க, இடுப்பு வலி இவளுக்கு."

இத்தனை வார்த்தை ஐந்து மாதத்தில் பேசியதில்லை. நடுவில் எத்தனையோ தடவை நின்று, எச்சிலை விழுங்கி. பாய் அவசரப்படுத்தவில்லை. டேப்பை எடுத்து என் தோளில் வைத்தார்.

பாய் போனபிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க வருவீங்கன்னு பாய்கிட்ட பொய் சொல்லிட்டேங்க" என்றேன்.

"தெரியும்" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

பை வந்தது. பாந்தமாக இருக்கிறது. அவருக்குத் துணையாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டார். மாத்திரை நேரம் எழுதிக் கொடுத்தேன். இடந்தலையில் பூச ரவை, சுருதி சேர்க்கக் கல், மாற்றுப்புடவை, வெந்நீர் பிளாஸ்க் எடுத்துவைத்தேன்.

நவம்பர் 15, சனி. பெங்களூர்

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கால் மரத்துப்போனது. மண்டபத்தில் மூன்று மாடி, லிப்ட் இல்லை. ஏறிவிட்டேன். திறந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பாய்க்கு போன் செய்து சொன்னேன். வீட்டுக்காரருக்குச் செய்யவில்லை, அழுதுவிடுவேன்.

எந்த ஊரானாலும் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்காருவார். பயம் வந்தால் அங்கேதான் பார்ப்பேன். இன்று அந்த நாற்காலியில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை. சுருதி சேர்த்துவிட்டு அவளைப் பார்த்தேன். சிரித்தாள். ஆரம்பித்தேன்.