வாண்டாவின் நாற்றுகளையும் மூடு

ப்ரோனெக்,

பீட்ரூட் சூப் அடுப்பில் இருக்கிறது, சுட வைத்துக்கொள். அக்கா வீட்டுக்குப் போகிறேன், நாளை வருவேன். நேற்றைய சண்டை அதுவரை அப்படியே இருக்கட்டும்.

இன்றிரவு உறைபனி என்று வானொலி சொல்கிறது. கடைசிப் பனி விழும் குளிர் ஸோஷ்கா நாள், மே பதினைந்து, கழியாமல் இந்தத் தெருவில் யாரும் நாற்றை வெளியே நட மாட்டார்கள். பதினான்கு வருடமாகப் பனித் தேதி எழுதும் உன் நோட்டு மட்டும் நான்காம் தேதியோடு பனி முடிந்தது என்றது. தக்காளிக்குப் பத்து நாள் லாபம் என்று நீயும் நட்டுவிட்டாய்!

பக்கத்து வீட்டு வாண்டா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்கு ஸோஷ்கான்னா பயமே கிடையாதாடி?" என்று சிரித்தாள். விடுவேனா? "அவர் நோட்டு இதுவரைக்கும் தப்பினதே இல்லடி!" என்று அளந்துவிட்டேன். அதை நம்பி அறுபது குடைமிளகாய் நாற்றை நட்டுவிட்டு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பழைய போர்வைகள் கொட்டகையில் இருக்கின்றன. இருட்டுவதற்குள் முதலில் அவளுடையதை மூடு.

– ஹலீனா

பி.கு.: போர்வை பத்தாவிட்டால் நம் தக்காளிக்கு என் கம்பளிக் கோட்டைப் போர்த்து.

இன்னொன்று: காலை ஒன்பது மணிக்கு வாண்டா வருவாள். அவள் கண்ணில் படாமல் அதற்குள் போர்வைகளை எல்லாம் எடுத்துவிடு. உன் நோட்டைத் தப்பென்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை.