காலுக்கடியில ஒரு ஸ்டூல்

உ
ஆண்டாள் துணை
ராஜபாளையம், வெள்ளிக்கிழமை

சத்யப்பிரியாவுக்குச் சித்தி எழுதுதது. இங்க நானும் சித்தப்பாவும் ஆண்டாள் தாயார் புண்ணியத்துல நல்லாயிருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் கைப்புள்ளையும் அந்தக் குளிரு தேசத்துல சொகமா இருக்கணும்னு வெளக்கேத்தும்போதெல்லாம் கேக்கேன். ஞாயித்துக்கெழம போன்ல மெதுவா ஒரு சங்கதி சொன்னியே, புள்ள பொறந்து மூணு மாசமா வெளிக்குப் போறதே கஷ்டமாயிருக்கு, முக்குனா ரத்தம் வருது, இருமுனா ஒண்ணுக்குக் கசிஞ்சுருதுன்னு. யார்ட்டயும் சொல்லிராத சித்தின்னுட்டு நீயே சிரிச்ச. எனக்குச் சிரிப்பு வரல தாயி. அன்னைக்குச் சித்தப்பா கடைக்குப் போயிருந்தாக, மத்த நாள்லாம் ஸ்பீக்கர்ல போட்டுருவாக, அதான் லெட்டரா எழுதுதேன்.

அக்கா போன பொறவு உன்ன மடியில போட்டு வளத்தவ நான், உன்ட்டயே ஒண்ண மறைச்சுட்டேன். ரெண்டு வருசமா நான் கோயிலுக்குள்ள போகல. வெள்ளி தவறாம ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவேன், கோபுரத்துக்கு வெளியவே நின்னு கும்பிட்டுட்டு வந்துருவேன். முட்டிவலி, நடக்க முடியலன்னு சொல்லி வச்சிருந்தேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கூட, ஏட்டி நீ சாமி கும்பிடப் போறியா கோபுரத்துக்குக் காவலுக்குப் போறியான்னு கேலி பண்ணுவா. நெசம் என்னன்னா எனக்கும் கசியும். சேல ஈரத்தோட சந்நிதிக்குப் போனாத் தீட்டுன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன்.

மில்லுல இருந்த காலத்துல ஷிப்டு முடியுற மட்டும் அடக்கியே பழக்கம். பொறவு சித்தப்பா முட்டிவலிக்காகப் பழைய கக்கூஸ இடிச்சு வெஸ்டர்ன் போட்டமா, நாப்பது வருசமாக் குத்தவச்ச ஒடம்பு எனக்கு, அதுல போகவே இல்ல. அரை மணி நேரம் உக்காந்து முக்குவேன். போன மாசம் கீழ என்னமோ எறங்குன மாரி இருக்கவும் பயந்து டாக்டரம்மாட்ட போனேன், ஞானபாக்கியம்னு பேரு, சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக. கர்ப்பப்பை கொஞ்சம் எறங்கியிருக்கு, ஆப்பரேசன் வேணுமான்னு பொறவு பாப்போம்னாக. குத்தவச்சா உள்ள வழி நேராகி முக்காமப் போகுமாம். நாக்காலியில இருக்க மாரி இருந்தா வழி மடங்கிக்கிடுமாம், முக்க முக்க அடியில தாங்குற சதை தளந்துருமாம், அதான் கசியுதாம். ஆனா கர்ப்பப்பை எறங்கியிருக்கதால எனக்கு இப்பக் குத்தவைக்க வேண்டாம், காலுக்கடியில ஸ்டூல் போட்டு முட்டி இடுப்புக்கு மேல வாரமாரி வச்சு, செத்த முன்னால சாஞ்சு உக்காருங்க, வரலன்னா எந்திரிச்சுருங்கன்னாக. ஒண்ணுக்க அடக்குத மாரி அந்தச் சதையச் சுருக்கி விடுறதையும் சொல்லிக்குடுத்தாக. கோயிலுக்குப் போலாமான்னு பயந்து பயந்து கேட்டேன். "உங்க கோயில் முறை எனக்குத் தெரியாது, ஆனா இது நோவும்மா, தீட்டு இல்ல" அப்படின்னாக.

வீட்ல வந்து சித்தப்பாட்ட அம்புட்டையும் சொல்லிட்டேன். "ரெண்டு வருசமா என் முட்டிவலியச் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சியாக்கும்"னாக. சாயந்தரம் பாத்தா, கட்டில் பலகைய அறுத்து ஸ்டூல் அடிச்சு உள்ள வச்சிருக்காக. ரொம்ப முக்காமப் போகுது இப்ப, கசியுறதும் கொறஞ்சிருக்கு, நிக்கல.

நீயும் ஸ்டூல் போடு, தண்ணி குடி, கீரை தின்னு, போனை உள்ள கொண்டு போகாத. ஆனா ரத்தம் வருதுன்னியே, அதுக்கு ஸ்டூல் பத்தாது, அங்க டாக்டர்ட்ட வாய் விட்டுச் சொல்லு.

இன்னைக்கு நான் உள்ள போயிட்டேன் தாயி. தாயார் மொகத்தப் பாத்து ரெண்டு வருசம். எனக்குன்னு ஒண்ணும் கேக்கத் தோணல, எம்புள்ள என்னைய மாரி வெளியவே நின்னுரக் கூடாதுன்னுதான் கேட்டேன். துளசி இதுக்குள்ள வச்சிருக்கேன். புள்ளையும் நீயும் நூறு வருசம் தெடமா இருக்கணும். டாக்டர்ட்ட என்னைக்குப் போறன்னு போன் பண்ணு. ஸ்பீக்கர்ல கேட்டாலும் கேக்கட்டும்.

உன்ன வளத்த சித்தி,
பாண்டிசெல்வி