கல்லாம்பதியின் பச்சை

பிப்ரவரி 10

கிழக்குப் பாலக்காட்டு வறட்சிப் பட்டியலை முடித்து அனுப்பினேன். பதினொரு பஞ்சாயத்து வறட்சி, மூன்று இயல்பு. இயல்பில் கல்லாம்பதியும் உண்டு. அங்கே பத்து வருஷச் சராசரியைவிடப் பச்சை கூடுதல். இதற்கு நான் என்ன செய்ய? செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை அந்த ஊருக்கு மேலே போகிறது. யார் வீட்டிலும் சாயா குடிப்பதில்லை, யாருக்கும் சொந்தமில்லை.

வெங்கிடேஷ் ஸார், எங்கள் கொச்சி தேவரா ஆபீஸின் முதலாளியும் மேனேஜரும் ஏ.சி. ரிமோட்டின் ஒரே சொந்தக்காரரும் அவர்தான், "நேர்ல போய்ப் பாத்தாச்சோ?" என்றார். "மாதிரி ஊர் மூணுக்கும் போயாச்சு ஸார்" என்றேன். பொய் இல்லை. அந்த மூன்று ஊர்களையும் யார் தேர்ந்தெடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 13

விடிகாலையில் கடல் ஓதம் ஏறி மட்டாஞ்சேரித் தெரு முழுக்க உப்புத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்ஸல் ராத்திரிச் சாப்பாட்டில் குஷியாக இருந்தார். பிராட்வேயில் அவர் கடையில் இருநூறு லிட்டர் டிரம் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். "எல்லாம் உன் அக்கா ஊர்ப் பக்கத்து ஆர்டர். அங்க பஞ்சமே இல்லன்னு நீ சொல்ற, இவங்க எதுக்கு டிரம் வாங்கறாங்க? ஊறுகாய் போடவா?"

கிண்டல் செய்ய இவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். வியாபாரம் வேறு, விஞ்ஞானம் வேறு என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 20

இரண்டாம் நோன்பு. மத்தியானம் போனில் 'ஷரீஃபா அக்கா' என்று வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு! நோன்பு மாதமாயிற்றே, சலாம் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"இந்தப் படத்த வரைஞ்சது நீதானா?"

"வரையறது இல்ல. கணக்கு."

"உன் கணக்குல எங்க ஊரு பச்சையாம். நான் இங்க வார்டு மெம்பரு. பதினாறு பொதுக் கெணத்துல பதினாலு வத்திருச்சு. தண்ணி லாரி கேட்டா, உங்க ஊரு பட்டியல்லயே இல்லைங்கறாங்க. பொம்பளைங்க என் வாசல்ல வந்து நிக்கறாளுவ, ரஃபீனா. என் முகத்துல துப்பாததுதான் பாக்கி."

"படம் பொய் சொல்லாதுக்கா."

"மேல இருந்து பாத்தா உனக்கு எல்லாம் பச்சைதான். கீழ எறங்கி வந்து பாரு. வரமாட்ட. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்க முடியாதவதான நீ!"

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21

தூக்கமே இல்லை. எதற்கெடுத்தாலும் அதே பேச்சு. அத்தா மவுத்தான அன்று அவளுடைய பஸ் ஆலுவாவில் நின்றுபோனது என் குற்றமா? அடக்கத்தைத் தள்ளக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நான் சரி என்றேன். அவள் வந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை. சரி, வருத்தம்தான். அதற்காக நாலு வருஷம் என்னைக் கொலைகாரி மாதிரி நடத்துவதா? அந்த ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் அத்தாவின் மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றது யார்? அவளா?

இப்போது லாரி வாங்கிக் கொடுத்து ஓட்டு வாங்கப் பார்க்கிறாள். என் படத்தில் கை வைக்க விடமாட்டேன்.

பிப்ரவரி 24

அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் கல்லாம்பதியின் கூர்மையான படத்தைத் திறந்தேன்.

எங்கள் பயிர்ப் பட்டியலில் அந்த ஊர் நிலக்கடலையும் சோளமும். படத்தில் வரிசை வரிசையாக வட்டப் புள்ளிகள். தென்னை. ஊரில் பாதி தென்னை! பட்டியல் ஒன்பது வருஷப் பழசு. கடலை விளைந்த காட்டில் தோப்பு வந்தால் கோடையிலும் பச்சையாகத்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு வறட்சி இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

நேரில் ஒரு தடவை போயிருந்தால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும். மாதிரி ஊர்களில் கல்லாம்பதி முதலாவதாக இருந்தது. வருஷா வருஷம் அதை அடித்துவிட்டு வேறு ஊர் போட்டேன். அவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்று. நாலு வருஷமாக.

வெங்கிடேஷ் ஸாரிடம் இதை எப்படிச் சொல்வது? அவளிடம் எப்படிச் சொல்வது? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 3

ஆட்சேபம் வந்தால் மார்ச் பதினைந்துக்குள் பட்டியலைத் திருத்தலாம். ஊருக்குப் போய் ஆய்வுத் தாள் எழுத வேண்டும், கீழே அந்த வார்டு மெம்பர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வார்டு மெம்பர்!

மார்ச் 10

நேற்று போய் வந்தேன். இரண்டு பஸ், ஒரு ஆட்டோ, நோன்பு வாய், மண்டையைப் பிளக்கும் வெயில்.

அக்கா பஞ்சாயத்துக் கிணற்றடியில் நின்றாள். இளைத்திருக்கிறாள். வா என்று சொல்லவில்லை. வாளியை உள்ளே விட்டாள், அடியில் மோதி டங் என்றது. "உன் கணக்குல இதையும் சேத்துக்க." பதினாலு கிணற்றுக்கும் இப்படியே கூட்டிப்போனாள், வாத்தியார் பாடம் ஒப்பிக்க வைக்கிற மாதிரி.

பதினைந்தாவதாகப் பார்த்தது அவள் வீட்டுக்குப் பின்னால், அவர்களுடைய சொந்த ஆழ்துளைக் கிணறு. அதை ஒட்டி ஆறு ஏக்கர் தோப்பு. தென்னைக்கு ஊடே வாழை, கண்ணைப் பறிக்கிற பச்சை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிகாபுதீன் மச்சான் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே, "தொள்ளாயிரம் அடி! இந்தச் சுத்துவட்டாரத்துல இவ்வளவு ஆழம் யாரும் போட்டதில்ல" என்றார். பெருமை.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. என் படத்தைப் பச்சையாக்கியதும் இந்த மோட்டார்தான், கிணறுகளை வற்றவைத்ததும் இதுவும் இதைப் போல இன்னும் ஏழெட்டும்தான். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டா அக்கா எனக்குப் போன் போட்டுத் திட்டினாள்?

கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனதும், முகத்துக்கு நேராகவே கேட்டேன். "உன் புருஷன் உறிஞ்சற தண்ணிக்கு நான் லாரி வாங்கித் தரணுமா?"

"தினம் சாயந்தரம் அரைமணி குழாயத் தொறந்து விடறேன், எல்லாரும் பிடிச்சிட்டுப் போறாங்க" என்றாள். குரலில் தெம்பில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என்னைத் திட்டினாள்.

ஆய்வுத் தாளில் எழுதினேன்: முந்தைய படத்தில் பிழை, பயிர்ப் பட்டியல் பழையது, கள ஆய்வு செய்யப்படவில்லை, பொறுப்பு என்னுடையது. அடுத்த பத்தியில், பச்சைக்கும் கிணறுகள் வற்றியதற்கும் காரணம் ஆழ்துளைக் கிணறுகள். இருப்பதில் பெரியது எது என்ற இடத்தில் மச்சானின் பெயரும் சர்வே எண்ணும். ஆத்திரத்தில் எழுதினேனா, உண்மை என்று எழுதினேனா? இரண்டும்தான். மறைப்பானேன்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து என் முன்னால் டொக்கென்று வைத்தாள். குழாயடியில் வரிசை நின்றது. நான் டம்ளரைக் காலி செய்யும்வரை அவள் தாளைப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இதப் பாத்தா அவரு என்னை வீட்டுல வெச்சிருக்க மாட்டாரு."

"அப்ப போடாத. ஊருக்கு லாரியும் வராது."

பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். போட்டாள். அத்தா கற்றுக்கொடுத்த அதே கையெழுத்து, கோணல்மாணலாக.

ஆட்டோவில் ஏறும்போது கேட்டாள்: "மோட்டார் நின்னா மேல இருந்து தெரியுமா?"

"ரெண்டு மூணு வாரத்துல வாழை காயும். தெரியும்."

வா என்று சொல்லாதவள் போ என்றும் சொல்லவில்லை.

மார்ச் 12

வெங்கிடேஷ் ஸார் ஆய்வுத் தாளை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். ஏன் அந்த ஊருக்குப் போகவில்லை என்று கேட்டார், உள்ளதைச் சொன்னேன். "நாலு கொல்லம், நாலு வருஷம்! சொந்தச் சேச்சியோட சண்டைன்னா ஒரு பஞ்சாயத்தயே வெட்டிடுவியா? நீ சயின்டிஸ்டா, சீரியல்ல வர்ற மருமகளா?"

திருத்தத்தை அனுப்பியாயிற்று. அடுத்த வருஷம் முதல் பாலக்காடு எனக்கு இல்லை.

மார்ச் 21

பெருநாள். பிரியாணி தீய்ந்துவிட்டது. அக்காவிடமிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை.

மார்ச் 26

கல்லாம்பதிக்கு லாரி வருகிறதாம், ஒருநாள் விட்டு ஒருநாள். டிரம் வாங்க வந்த ஆள் அப்ஸலிடம் சொல்லியிருக்கிறார். "ஒன்னால என் வியாபாரம் படுத்துச்சு" என்றார் அப்ஸல். இன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஏப்ரல் 2

மச்சான் போனில். காது கூசும் பேச்சு. குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவளாம், நாசமாய்ப் போவேனாம். கடைசியில், "நோட்டீஸ் வரவே ஆறு மாசம் ஆகும். ஒரு மயிரும் நடக்காது. என் மோட்டார் ஓடும், நீ மேல இருந்து பாத்துக்கிட்டே இரு."

அக்கா பக்கத்தில் இருந்தாளா?

ஏப்ரல் 7

பாலக்காடு இனி என் வேலை இல்லை. இருந்தாலும் திறந்து பார்த்தேன். ஆறு ஏக்கரும் அதே பச்சை. பார்க்கப் பார்க்க எரிகிறது.

ஊர் முன்னால் கையெழுத்து, வீட்டுக்குள்ளே மோட்டார்! நல்ல மெம்பர். லாரி கிடைத்தது, ஓட்டும் கிடைக்கும். தெரியுமா என்று என்னிடம் கேட்டாளே, எதற்கு? பயத்தில்தான். இவளுக்காகவா வெங்கிடேஷ் ஸாரிடம் அவ்வளவு பேச்சுக் கேட்டேன்.

ஏப்ரல் 17

மேகம். படம் தெரியவில்லை.

ஏப்ரல் 27

காலையில் புதுப் படம். கல்லாம்பதியின் தோப்புகள் எல்லாம் பச்சை. நோட்டீஸ் இன்னும் யாருக்கும் போகவில்லை, விசாரித்துவிட்டேன். யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை.

நடுவில் ஓர் இடம் மட்டும் பழுப்பு. மூன்று தடவை சர்வே எண்ணோடு ஒப்பிட்டேன். வரப்பு பிசகவில்லை. ஆறு ஏக்கர்.

அவர் நிறுத்தியிருக்க மாட்டார். அப்படியானால் இந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் என்ன நடந்தது? எப்படி நிறுத்தினாள்? அவளை அடித்தாரா? எங்கே படுக்கிறாள்? பத்து மீட்டருக்கு ஒரு சதுரம் காட்டுகிற இந்தப் படத்தில் அதெல்லாம் தெரியாது.

உடனே போன் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஏதோ பஸ் ஸ்டாண்டு இரைச்சல், கண்டக்டர்கள் ஆலுவா, ஆலுவா என்று கூவுகிறார்கள்.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்க்கா."

"சரி. பஸ் வருது. இந்தத் தடவையாவது காத்திரு."